ஜோடி ஏன் தேதிக்குப் போகவில்லை? அளவெடுத்துச் செய்யும் ஷூ பட்டறைக்கான பிழை நீக்கும் வழிமுறை

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் ஷூ என்றதும் நினைவுக்கு வருவது ஏற்றுமதிக் கம்பெனிகள்தான். ஒரே மாடலில் ஆயிரக்கணக்கான ஜோடி ஓடும், சைஸ் மட்டும் மாறும். இங்கே எழுதியிருப்பது அவர்களுக்கு இல்லை. ஒவ்வொரு ஜோடியையும் ஓர் ஆளின் காலுக்கென்றே செய்கிற சின்னப் பட்டறைகளுக்கு. கல்யாண மாப்பிள்ளை ஷூ, சர்க்கரை நோயாளிக்கான ஷூ, ஒரு கால் குட்டையானவருக்கு உயரம் ஏற்றிய ஷூ, அகலப் பாதத்துக்கு எந்தக் கடையிலும் கிடைக்காத ஷூ, இப்படிப்பட்ட வேலைகள்.

கம்பெனியில் தொழில் பழகிவிட்டுச் சொந்தப் பட்டறை போடுகிறவர்கள் கம்பெனித் திட்டத்தையும் கூடவே கொண்டுவந்துவிடுகிறார்கள். அங்கே முன்கூட்டி வெட்டி வைத்தால் லாபம், அடுத்த லைன் காத்திருக்காது. இங்கே முன்கூட்டி வெட்டினால் வம்பு. கத்தி பட்ட நிமிஷத்திலிருந்து அந்தத் தோல் ஒரே ஒரு வாடிக்கையாளருக்குச் சொந்தம். அவர் வேண்டாம் என்றால் வேறு யாரிடமும் தள்ள முடியாது. கீழே வரும் கோளாறுகளில் பாதிக்கு மேல் கட்டிங் மேசையில் வைத்தே தடுக்கக்கூடியவை.

எந்த அறிகுறிக்குப் போவதற்கு முன்பும் ஒரு சாயங்காலம் வேலை முடிந்ததும் ஜோடிகளை எண்ணுங்கள். வெட்டியவை, தையலில் இருப்பவை, லாஸ்டிங்குக்கு (லாஸ்ட் என்ற கால் வடிவ அச்சின் மேல் தோலை இழுத்துக் கட்டும் வேலை) காத்திருப்பவை, லாஸ்ட்டில் ஏறி நிற்பவை, சோல் ஒட்ட வேண்டியவை, ஃபினிஷிங்கில் இருப்பவை, டிரையலுக்குப் போய்த் திரும்பாதவை என்று தனித்தனியாக. அதைச் சுவரில் ஒரு வெள்ளைப் பலகையில் எழுதுங்கள். இப்போதைக்கு சாஃப்ட்வேர் வேண்டாம். எண்ணிக்கையே தெரியாத பட்டறை சாஃப்ட்வேர் வாங்கினால், தெரியாததைத் தட்டச்சு செய்யவும் ஓர் ஆளுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டிவரும்.

“சொன்ன தேதிக்கு எதுவுமே போவதில்லை”

பலகையில் உள்ள மொத்த ஜோடியை, சராசரியாக ஒரு நாளில் பெட்டிக்குள் போகும் ஜோடியால் வகுத்துப் பாருங்கள். உள்ளே 60 ஜோடி, ஒரு நாளைக்கு 4 ஜோடி முடிகிறது என்றால் 15 வேலை நாள். ஞாயிறு விடுமுறை என்றால் இரண்டரை வாரம். இன்றைக்கு வெட்டும் ஜோடி முறைப்படி நகர்ந்தால் அப்போதுதான் வெளியே வரும். இதை 1961இல் ஜான் லிட்டில் என்பவர் கணிதமாகவே நிரூபித்தார், ‘லிட்டில் விதி’ என்பார்கள். கவுண்டரில் உட்கார்ந்திருப்பவர் பழக்கத்தில் “பத்து நாளில் வாங்கிக்கங்க” என்று சொல்லிக்கொண்டிருந்தால், யாரும் சோம்பேறியாக இல்லாமலே எல்லா ஜோடியும் தாமதமாகும்.

இதற்கு முதலில் எல்லோரும் போடுவது ஓவர்டைம். இரண்டு வாரம் இழுத்துப் பிடிக்கும், அப்புறம் பழையபடி ஆகிவிடும், ஏனென்றால் ஓவர்டைமில் கட்டிங்கும் சேர்ந்து வேகமாக ஓடியிருக்கும். சரியான வழி உள்ளே இருக்கும் ஜோடியைக் குறைப்பது. 60ஐ 32 ஆக்கினால் அதே ஆட்கள், அதே 4 ஜோடி, ஆனால் 8 நாள். விதி இதுதான்: ஒரு ஜோடி பெட்டிக்குள் போனால்தான் அடுத்த ஜோடி கட்டிங் மேசைக்கு வரும். குறைக்கும் காலத்தில் இரண்டு போனால் ஒன்று வரும்.

இதைச் சொன்னதும் கட்டிங் மாஸ்டர் கேட்பார்: “அப்போ நான் சும்மா உட்காரணுமாண்ணே?” நியாயமான கேள்வி. அவருக்கு ஜோடிக்கு இவ்வளவு என்று பீஸ் ரேட் கொடுத்தால், வெட்டாத நாள் அவர் வீட்டில் அடுப்பு எரியாத நாள். எனவே விதியை மாற்றும்போது கூலியையும் மாற்றித்தான் ஆக வேண்டும். அளவெடுத்துச் செய்யும் பட்டறைக்குப் பீஸ் ரேட் பொருந்தவே பொருந்தாது என்பது என் கட்சி. பீஸ் ரேட்டில் சுலபமான ஜோடி முதலில் கையேறும், உயரம் ஏற்றிய ஷூ அடியிலேயே கிடக்கும். நாள் சம்பளம் கொடுத்து, மேசை காலியாக இருக்கும் நேரத்தில் லைனிங், இன்சோல் வெட்டுவது, லாஸ்ட்டில் மெத்தை ஏற்றுவது போன்ற வேலைகளைக் கொடுங்கள்.

சராசரி சரியாக இருந்தும் சில ஜோடிகள் மட்டும் பிந்தினால் அது வரிசைக் கோளாறு. ஆர்டர் தட்டுகளைப் புரட்டி, மிகப் பழைய ஜாப் கார்டு (ஒவ்வொரு ஜோடியின் விவரம் எழுதிய அட்டை) எது என்று பாருங்கள். அது பெரும்பாலும் கஷ்டமான ஜோடி, அல்லது சத்தம் போடாத வாடிக்கையாளரின் ஜோடி. தினமும் போனில் கத்துகிறவருக்கு முதலில் செய்து கொடுத்தால், அடுத்த மாதம் எல்லோரும் கத்துவார்கள். ஜாப் கார்டில் தேதியைப் பெரிதாக எழுதி, தேதி வரிசையில்தான் எடுக்க வேண்டும் என்று வையுங்கள். நாளுக்கு 4 ஜோடி என்றால் 3க்கு மட்டும் வாக்குக் கொடுங்கள், நாலாவது இடம் அவசரத்துக்கும் மறுவேலைக்கும். அன்றைக்கு அவசரம் எதுவும் வராவிட்டால் வரிசையில் அடுத்ததை இழுத்துக்கொள்ளலாம்.

வாக்குக் கொடுப்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. “எப்போ வேணும்?” என்று கேட்டால் எல்லோரும் “சீக்கிரம்” என்பார்கள். “என்னைக்குப் போடப்போறீங்க?” என்று கேளுங்கள், முகூர்த்தத் தேதி வரும். அதிலிருந்து ஒரு வாரம் முன்னால் டிரையல் முடிந்திருக்க வேண்டும் என்று பின்னோக்கி எண்ணிக்கொண்டு வாருங்கள். சுவரில் தினசரிக் காலண்டர் தொங்கும்போது கல்யாண சீசன் திடீரென்று வந்தது என்று சொல்லக் கூடாது. ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இருக்காது, லாஸ்ட் சரிபார்க்கவும் பேட்டர்ன் திருத்தவும் அந்த மாதங்கள் நல்லவை. ரம்ஜான் ஆண்டுக்குச் சுமார் 11 நாள் முன்னால் நகரும். நோன்பு மாதத்தில் ஆர்டர் கூடும், வேலை நேரம் குறையும், இரண்டும் ஒன்றாக வரும். அந்த மாதத்துக்கு நாளொன்றுக்கு எத்தனை ஜோடி என்பதை முன்பே குறைத்து எழுதிவையுங்கள்.

“எல்லார் கையிலும் வேலை, பெட்டியில் ஜோடி ஏறவில்லை”

எந்த வேலைக்கு முன்னால் குவியல் நிற்கிறது என்று பாருங்கள். அங்கேதான் அடைப்பு. மற்ற இடங்களை வேகப்படுத்தினால் குவியல்தான் உயரும்.

பெரும்பாலும் குவியல் நிற்பது லாஸ்டிங்குக்கு முன்னால். உடனே “லாஸ்டிங்குக்கு இன்னொரு ஆள் போடணும்” என்பார்கள். ஆளைத் தேடுவதற்கு முன் லாஸ்ட்டை எண்ணுங்கள். இழுத்துக் கட்டிய தோல் வடிவத்தில் நிற்க வேண்டும், டோ பஃப்பும் (விரல் முனையின் விறைப்புத் துண்டு) கவுண்டரும் (குதிகாலின் விறைப்புத் துண்டு) இறுக வேண்டும், ஈரம் காய வேண்டும். அதுவரை லாஸ்ட் அந்த ஷூவுக்குள் சிறைப்பட்டிருக்கும். ஒரு கணக்கு: 8ஆம் நம்பர் அகலத்தில் இரண்டு ஜோடி லாஸ்ட் இருக்கிறது, ஒவ்வொரு ஷூவும் 3 நாள் லாஸ்ட்டில் நிற்கிறது, வாரம் 6 நாள். ஆக வாரத்துக்கு 4 ஜோடிதான் முடியும். நீங்கள் 8ஆம் நம்பரில் 7 ஆர்டர் வாங்கி ஏழையும் வெட்டியிருந்தால், 3 ஜோடி வெட்டப்பட்டுச் சும்மா நிற்கும். எத்தனை ஆள் போட்டாலும் இது மாறாது.

இதற்கு ஒரு லாஸ்ட் பதிவேடு போதும்: லாஸ்ட் நம்பர், இப்போது யார் ஷூவுக்குள் இருக்கிறது, என்றைக்கு விடுபடும். கட்டிங்குக்கு முன்னால் இதைப் பார்க்காமல் கத்தி எடுக்கக் கூடாது. வாடிக்கையாளர் காலுக்காகத் தோல் துண்டோ கார்க்கோ ஒட்டி லாஸ்ட்டைப் பருமனாக்கியிருந்தால், எந்த இடத்தில் எத்தனை மில்லிமீட்டர் என்பதைக் கார்டில் எழுதிவிட்டுத்தான் பிரிக்க வேண்டும். அவர் அடுத்த வருஷம் வரும்போது மறுபடி முதலிலிருந்து தடவிக்கொண்டிருக்க வேண்டாம். புது லாஸ்ட் வாங்கும்போது எல்லா சைஸிலும் ஒன்று என்று அடுக்காதீர்கள், வரிசை நிற்கும் சைஸில் மட்டும் கூடுதலாக வாங்குங்கள். லாஸ்ட்டைச் சீக்கிரம் உருவி அடுத்த ஜோடிக்குக் கொடுப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். அந்த ஷூ கடையில் அழகாக இருக்கும், ஒரு வாரத்தில் வாய் விரிந்து திரும்பி வரும்.

லாஸ்ட் போதுமானதாக இருந்து, ஆள்தான் குறை என்றால், அந்த ஆள் செய்யும் சில்லறை வேலைகளைப் பிடுங்குங்கள். இன்சோல் அடிப்பது, ஆணி பிடுங்குவது, சொல்யூஷன் (ஒட்டும் பசை) தடவுவது எல்லாம் ஹெல்பர் செய்யலாம்.

குவியல் தையலுக்கு முன்னால் என்றால் ஸ்கைவிங்கைப் பாருங்கள். ஓரம் சரியாகச் சீவாமல் வந்தால் தைப்பவர் நிறுத்தி நிறுத்திச் சீவிக்கொண்டிருப்பார். நூல் நிறம் மாற்றவும் நேரம் போகும். கறுப்பு நூல் ஜோடிகளைக் காலையிலும் பிரவுன் ஜோடிகளை மதியமும் சேர்த்துத் தைக்கலாம், தேதி வரிசை ஒரு நாளுக்கு மேல் கலையாதவரை.

“அப்பர் (ஷூவின் மேல்பாகம்) தயார், சோல் இல்லை”

தட்டு நிறையாமல் வெட்டக் கூடாது, அவ்வளவுதான். ஒவ்வொரு ஆர்டருக்கும் ஒரு தட்டு. அதில் லைனிங், இன்சோல், டோ பஃப், கவுண்டர், ஷேங்க் (நடுப்பாதத்தைத் தாங்கும் பட்டை), அந்த சைஸ் சோல், ஐலெட், லேஸ், ஜிப் எல்லாம் இருக்க வேண்டும். கார்டில் லாஸ்ட் நம்பர் எழுதியிருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் தட்டு அலமாரியிலேயே நிற்கும். ஒரே ஒரு பக்கிளுக்காகச் சென்னை பெரியமேட்டுக்கு ஆள் அனுப்பினால் அவருடைய அரை நாள் போச்சு. வாரம் ஒருமுறை பட்டியல் போட்டு வாங்குங்கள்.

“டிரையலில் கடிக்கிறது, பாதி நேரம் மறுவேலையிலேயே போகிறது”

மறுவேலைக்கு ஒரு நோட்டுப் போட்டு, கடிக்கும் இடத்தை மட்டும் எழுதுங்கள். கொஞ்ச நாளில் ஒரே இடம் திரும்பத் திரும்ப வருவது தெரியும். இடத்தைப் பொறுத்துக் காரணம் மாறும்.

இரண்டு காலிலும் விரல் முட்டினால், அளவு எடுத்த நேரத்தையும் விதத்தையும் கேளுங்கள். காலையில், உட்காரவைத்து எடுத்திருப்பார்கள். சாயங்காலம் பாதம் சற்று வீங்கியிருக்கும், எடை இறங்கினால் நீளமும் அகலமும் கூடும். சாயங்காலத்தில், நிற்கவைத்து, இரண்டு காலையும் எடுங்கள். ஒரே காலில் மட்டும் கடித்தால் அந்தக் காலை அளக்காமல் விட்டிருக்கிறார்கள். இரண்டு காலும் ஒரே அளவாக இருப்பவர்கள் குறைவு.

பந்துப் பகுதியில், அதாவது விரல்களுக்குப் பின்னால் பாதம் மிக அகலமாகும் இடத்தில் இறுக்கினால் சந்தேகம் லாஸ்ட் மேல். ஐரோப்பிய ஃபிட்டிங்கில் வாங்கிய லாஸ்ட் நம் கால்களுக்குக் குறுகலாக இருக்கும். அடையாற்றில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் நாடு முழுக்கக் கால்களை அளந்து ‘பா’ என்ற இந்திய அளவு முறையை முன்வைத்ததற்கும், நம் பாதம் அகலமானது என்ற கண்டுபிடிப்பு ஒரு காரணம். இறுக்கத்துக்குப் பலர் செய்யும் வைத்தியம் ஒரு சைஸ் ஏற்றுவது. ஆங்கில சைஸில் ஒரு படி என்பது மூன்றில் ஒரு அங்குலம், சுமார் 8.5 மில்லிமீட்டர் நீளம். சுற்றளவு அந்த அளவுக்குக் கூடுவதில்லை. ஆகவே பந்தில் இறுக்கம் கொஞ்சம்தான் தளரும், குதிகால் கழன்று கழன்று போகும். நீளத்தை அப்படியே விட்டு, லாஸ்ட்டின் பந்துச் சுற்றளவை மட்டும் ஏற்றுங்கள்.

வாட்ஸ்அப்பில் “8 சைஸ்” என்று வந்த ஆர்டரில் குழப்பம் என்றால் ஆச்சரியம் இல்லை. ஆங்கில அளவு ஒரு கணக்கு, 42, 43 என்று போகும் பாரிஸ் பாயின்ட் மூன்றில் இரண்டு சென்டிமீட்டர் வீதம் ஏறும் இன்னொரு கணக்கு, அமெரிக்க நம்பர் வேறு. கார்டில் சைஸ் எழுதவே வேண்டாம் என்பேன். பாத நீளம், பந்துச் சுற்று, இன்ஸ்டெப் (பாதத்தின் மேல்வளைவு) சுற்று, குதிகால் சுற்று நான்கையும் மில்லிமீட்டரில், இரண்டு காலுக்கும் எழுதுங்கள்.

சர்க்கரை நோயாளியின் ஷூ தனி விஷயம். டிரையலில் அவர் “நல்லா இருக்குங்க” என்றால் அதை நம்பி அனுப்ப முடியாது. பாதத்தில் உணர்ச்சி குறைந்தவருக்குக் கடிப்பதே தெரியாது. வேலூரிலும் காரிகிரியிலும் டாக்டர் பால் பிராண்டும் அவரோடு இருந்தவர்களும் தொழுநோயால் உணர்விழந்த பாதங்களுக்குச் செருப்பு செய்யத் தொடங்கியதே இந்தக் காரணத்தால்தான், அந்தப் பாதம் வலியைச் சொல்லாது. அவரை ஷூவோடு கால் மணி நேரம் நடக்கவிட்டு, கழற்றி, சாக்ஸையும் எடுத்துவிட்டு, தோல் எங்கே சிவந்திருக்கிறது என்று கண்ணால் பாருங்கள். சிவப்பு மறைய நேரம் எடுத்தால் அந்த இடத்தைத் திருத்த வேண்டும். எம்.சி.ஆர். (மெத்தென்ற நுண்துளை ரப்பர்) இன்சோல் உள்ளே வரப்போகிறது என்றால் அதன் தடிமனுக்கு லாஸ்ட்டின் அடியில் முன்பே உயரம் ஏற்றியிருக்க வேண்டும். முடிந்த ஷூவுக்குள் பிற்பாடு இன்சோலைத் திணித்தால் மேல்பக்கம் நெருக்கி, மறுவேலை நிச்சயம். காலில் புண் இருந்தால் டாக்டர் சீட்டு இல்லாமல் ஆர்டர் எடுக்காதீர்கள், எவ்வளவு தெரிந்தவராக இருந்தாலும்.

திட்டத்தில் டிரையலுக்கு இடம் வேண்டும். கஷ்டமான காலுக்கு மலிவுத் தோலில் ஒரு மாதிரி ஷூ செய்து பார்த்துவிட்டு அப்புறம் நல்ல தோலைத் தொடுவது வீண் செலவு மாதிரித் தெரியும். தோல் விலையைப் போட்டுப் பார்த்தால் அப்படித் தெரியாது. மற்றவர்களுக்கு, சோலை நிரந்தரமாக ஒட்டும் முன்னாலேயே ஒரு டிரையல் போடலாம். டிரையல் தேதியும் ஜாப் கார்டில் ஒரு வேலையாக எழுதப்பட வேண்டும். எழுதாவிட்டால் வாடிக்கையாளர் வரும் நாள்வரை ஜோடி அலமாரியில் தூங்கும், பலகையில் மட்டும் ஓடுகிற மாதிரி இருக்கும்.

“இடது ஒரு நிறம், வலது ஒரு நிறம்”

ஒரே தோலில், ஒரே பகுதியிலிருந்து, இரண்டு காலின் வேம்ப்பையும் (முன்பாதத்தை மூடும் துண்டு) பக்கத்தில் பக்கத்தில் வெட்ட வேண்டும். முதுகுப் பக்கத்து இறுக்கமான தோல் வேம்ப்புக்கு, வயிற்றுப் பக்கத்து இளகிய தோல் நாக்குக்கும் மறைவிடங்களுக்கும். டியூப்லைட்டில் பார்த்து நிறம் முடிவு செய்யாதீர்கள், வாசலுக்குக் கொண்டுபோய் வெயில் வெளிச்சத்தில் பாருங்கள். ஒவ்வொரு ஆர்டரிலும் ஒரு துண்டைக் கார்டோடு பின் பண்ணி வையுங்கள். மறு ஆர்டருக்கு வேறு பேட்ச் தோல் வந்தால், “முன்ன மாதிரியே வரும்” என்று வாய்விடும் முன் அந்தத் துண்டோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

“சோல் பிரிந்து திரும்பி வருகிறது”

உடனே மறுபடி ஒட்டாதீர்கள். பிரிந்த இடத்தில் சொல்யூஷன் படலம் எந்தப் பக்கம் ஒட்டியிருக்கிறது என்று பாருங்கள்.

படலம் முழுக்க அப்பரில் இருக்கிறது, சோல் வழுவழுவென்று சுத்தமாக இருக்கிறது என்றால் தப்பு சோல் தயாரிப்பில். டி.பி.ஆர். (தெர்மோபிளாஸ்டிக் ரப்பர்) சோலுக்கு ஹாலோஜனேஷன் கழுவல் (பசை பிடிக்க வைக்கும் ரசாயனத் துடைப்பு) விட்டுப்போயிருக்கும், ஈ.வி.ஏ. (லேசான நுரை) சோல் என்றால் பிரைமர், அல்லது அச்சிலிருந்து வந்த எண்ணெய்ப் பசை துடைக்கப்படவில்லை. படலம் சோலில் இருந்து அப்பர் சுத்தமாக இருந்தால், தோலின் மேல்பூச்சைச் சுரண்டி எடுக்காமலே ஒட்டியிருக்கிறார்கள். இரண்டு பக்கமும் படலம் இருந்தும் ஒன்றோடொன்று பிடிக்கவில்லை என்றால், தடவிய சொல்யூஷன் அதிக நேரம் காய்ந்துவிட்டது, அல்லது சூடு போதவில்லை, அல்லது பிரஸ் அழுத்தம் குறைவு. ஐப்பசி, கார்த்திகை மழையில் இன்னொரு காரணமும் சேரும்: கரைப்பான் ஆவியாகும்போது படலம் குளிர்ந்து, காற்றின் ஈரம் அதன்மேல் படியும். தோல் நாரே கிழிந்து வந்திருந்தால் சொல்யூஷன் மேல் குற்றம் இல்லை. அளவுக்கு மீறிச் சுரண்டியிருக்கலாம், அல்லது தோலே தளர்ந்த பகுதியிலிருந்து வெட்டப்பட்டது.

இது ஒட்டுபவரின் கோளாறு மாதிரித் தெரிந்தாலும், பிரிந்த ஜோடிகளின் கார்டை எடுத்துத் தேதி பார்த்தால் பலவும் டெலிவரிக்கு முந்தின நாள் சாயங்காலம் ஒட்டியவையாக இருக்கும். சொல்யூஷனை இரண்டு முறை தடவுவதற்கு நடுவில் காய வேண்டிய நேரமும், ஒட்டிய பிறகு குறைந்தது ஒரு நாள் ஓய்வும் கால அட்டவணையில் தனி வரியாக வரட்டும். அந்த ஒரு நாளைக் கணக்கில் வைக்காமல் வாக்குக் கொடுத்தால் ஒட்டுபவர் என்னதான் செய்வார்?

“ஒருத்தர் லீவு போட்டால் பட்டறையே நிற்கிறது”

பலகையில் ஒரு பக்கம் வேலைகள், மறுபக்கம் பெயர்கள். யாருக்கு எது தனியாகச் செய்யத் தெரியும் என்று குறியிடுங்கள். ஒரே ஒரு குறி உள்ள வேலைதான் ஆபத்து. பேட்டர்ன் என்றால் கிண்டியில் உள்ள மத்திய காலணிப் பயிற்சி நிலையத்தின் குறுகிய காலப் பயிற்சிக்கு இளையவர் ஒருவரை அனுப்பலாம். லாஸ்டிங் என்றால் மாஸ்டர் பக்கத்தில் ஒருவரை உட்காரவைப்பதுதான் வழி. மாஸ்டர்கள் சிலர் சொல்லித்தர மாட்டார்கள், பீஸ் ரேட் இருக்கும்வரை சொல்லித்தரவும் மாட்டார்கள்.

“ஆர்டர் நிறைய, கையில் காசு இல்லை”

பணம் மூன்று இடத்தில் மாட்டியிருக்கும். முதலாவது, ஏற்கெனவே பலகையில் எண்ணிய ஜோடிகள். 60 ஜோடி உள்ளே இருந்தால் 60 ஜோடித் தோலும் கூலியும் முடங்கியிருக்கிறது, 32 ஆனால் கிட்டத்தட்டப் பாதி விடுபடும்.

இரண்டாவது, அலமாரியில் முடிந்தும் யாரும் வந்து எடுக்காத ஜோடிகள். அட்வான்ஸ் தோல், சோல், கூலி மூன்றையும் மூட வேண்டும். ஐந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு வெட்டினால், வராமல் போனவரின் ஷூவுக்கு நீங்கள்தான் முதலாளி. மிச்சப் பணத்தை டிரையல் சரி என்று சொன்ன அன்றே வாங்கிக்கொண்டு ஃபினிஷிங்குக்கு அனுப்பும் பட்டறைகளில் அலமாரி காலியாக இருக்கும். தெரிந்தவர்களிடம் கேட்கக் கூச்சமாக இருந்தால் ரசீதிலேயே அச்சடித்துவிடுங்கள்.

மூன்றாவது, மலிவாகக் கிடைத்ததென்று லாட்டாக வாங்கிப்போட்ட தோல். சதுர அடி கணக்கில் லாபம் மாதிரி இருக்கும். ஆனால் அளவெடுத்துச் செய்யும் வேலையில் ஒவ்வொரு ஜோடியின் பேட்டர்னும் வேறு, கழிவுத் துண்டு விழுவது கம்பெனியைவிட அதிகம். எனவே ஒவ்வொரு கார்டிலும் அந்த ஜோடிக்கு உண்மையில் எத்தனை சதுர அடி போனது என்று எழுதுங்கள், விலை போடுவதும் அதை வைத்துத்தான். லாட்டில் வாங்கியதை மழைக்காலத்துக்கு முன் வெட்டி முடிக்க முடியுமா என்று பலகையைப் பார்த்துக் கணக்குப் போடுங்கள். முடியாது என்றால் வாங்காதீர்கள், ஈரத்தில் பூசணம் பிடித்த தோலை அதே விலைக்கு யாரும் திருப்பி எடுக்க மாட்டார்கள்.